குறைந்த வருவாயில் ஒரு சொந்த வீடு

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் பெரியோர் சொல்லி வைத்த பழமொழி. தோட்டத்து மக்களாகிய நமக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. பட்டணத்தில் வேலை செய்கிறவருக்கு வேலை போனால் சம்பளம் போகும். தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கோ சம்பளத்தோடு லயத்து வீடும் போய்விடும். முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர், பழக்குலை அறுத்தவர், ஓய்வு பெறுகிற நாளில்தான் "இனி எங்கே போவது?" என்று யோசிக்கத் தொடங்குகிறார். அந்த வயதில் வங்கியும் கடன் தராது. உடம்பும் இடம் தராது.

இது வெறும் அச்சம் அன்று. இன்று சுபாங் ஜெயாவில் யூ.எஸ்.ஜே. குடியிருப்புகள் நிற்கும் நிலம் ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். 1995ஆம் ஆண்டு தொடங்கி எழுந்த புத்ரா ஜெயா நகரம், பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த இடத்தில் அமைந்தது. நிலம் கை மாறும்போது அதன்மேல் குடியிருந்தவர்களும் இடம் மாறத்தான் வேண்டியிருக்கிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டு, துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. சிறு தொகையும் காலமும் சேர்ந்தால் நிலம் வாங்கலாம் என்பதை நம் முன்னோர் அன்றே காட்டிவிட்டனர். அதே வழியில், குறைந்த வருவாய் உள்ள ஒரு குடும்பம் நல்ல இடத்தில் ஒரு வீட்டை எப்படித் தேடிக் கொள்ளலாம் என்பதை இன்று நாம் சிந்திப்போம்.

முதலில் நம் கையிருப்பைப் பார்ப்போம். வீட்டைப் பார்த்துவிட்டுப் பணத்தைத் தேடுவது தவறு; பணத்தை எண்ணிவிட்டு வீட்டைத் தேட வேண்டும். 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று உயர்த்தப்பட்டது. கணவனும் மனைவியும் அந்தச் சம்பளத்துக்கு வேலை செய்தால் வருமானம் 3,400 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடும், சொக்சோ முதலிய சிறு பிடித்தங்களும் போக, கைக்கு வருவது ஏறக்குறைய 3,000 வெள்ளி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீட்டுக்குக் கட்டக் கூடாது என்று வைத்துக் கொள்வோம். அது 1,000 வெள்ளி. மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 200 வெள்ளி கட்டிக் கொண்டிருந்தால், வீட்டுக்கு 800 வெள்ளிதான் மிச்சம். வங்கி அதிகாரி இதைவிடக் கூடுதலாகத் தரலாம் என்பார். வங்கிக் கணக்கு வேறு, அடுப்படிக் கணக்கு வேறு. நாம் அடுப்படிக் கணக்கையே நம்ப வேண்டும்.

இனி வயதைப் பார்ப்போம். நம் நாட்டு வங்கிகள் பொதுவாக 35 ஆண்டுகளுக்கு அல்லது கடன் வாங்குபவரின் 70 வயது வரை, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரைக்கும் கடன் தருகின்றன. இரண்டு இலட்சம் வெள்ளி வீட்டுக்கு 1,80,000 வெள்ளி கடன், வட்டி 4 விழுக்காடு என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக் கொள்வோம். 35 வயதுக்காரர் மாதம் 797 வெள்ளி கட்டினால் போதும். 45 வயதில் அதே கடனை வாங்குகிறவருக்குக் கிடைப்பது 25 ஆண்டுகளே. அவர் மாதம் 950 வெள்ளி கட்ட வேண்டும். வீடு ஒன்றுதான், பத்தாண்டுத் தாமதத்தின் விலை மாதம் 153 வெள்ளி. அதே நேரத்தில், காலம் நீண்டால் வட்டியும் கூடும் என்பதை மறக்கலாகாது. 35 ஆண்டுகளில் மொத்தம் ஏறக்குறைய 3,35,000 வெள்ளியும், 25 ஆண்டுகளில் 2,85,000 வெள்ளியும் கட்டி முடிப்போம். ஆகவே இளமையில் வாங்குங்கள். கையில் பணம் சேரும்போது முதலைக் குறையுங்கள்.

சில பெற்றோர், மகன் பெயரையும் சேர்த்துக் கடன் வாங்குகிறார்கள். அதனால் கடன் கிடைப்பது எளிதாகலாம். ஆனால் நாளை அந்த மகன் திருமணம் செய்து தனக்கென்று வீடு வாங்கும்போது, முதல் வீடு வாங்குவோருக்கு உரிய சலுகைகள் அவனுக்குக் கிடைக்காமல் போகலாம். பழைய கடனும் அவன் கணக்கிலேயே நிற்கும். எனவே பிள்ளையோடு கலந்து பேசி, அவன் ஒப்புக் கொண்ட பிறகே கையொப்பம் வாங்க வேண்டும்.

அடுத்து, முன்பணம். இரண்டு இலட்சம் வெள்ளி வீட்டுக்குப் பத்து விழுக்காடு, அதாவது 20,000 வெள்ளி முன்பணம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதோடு முடிவதில்லை. வாங்கல் விற்றல் ஒப்பந்தத்துக்கு வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு என்றால் 2,500 வெள்ளி. கடன் பத்திரத்துக்கும் அதே விகிதத்தில் 2,250 வெள்ளி. பெயர் மாற்றத்துக்கான முத்திரை வரி முதல் ஓர் இலட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த இலட்சத்துக்கு 2 விழுக்காடு. ஆக 3,000 வெள்ளி. கடன் பத்திரத்தின் முத்திரை வரி அரை விழுக்காடு, 900 வெள்ளி. இவை மட்டுமே 8,650 வெள்ளி. முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு முத்திரை வரியில் விலக்கு, வரவு செலவுத் திட்டங்களின் வழி அவ்வப்போது வழங்கப்படுகிறது. வழக்கறிஞரிடம் முதல் நாளே அதைக் கேட்டுவிட வேண்டும்.

சேமநிதிப் பணம் இருக்கிறதே என்று நினைப்போம். 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் செஜாதெரா கணக்கிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். எனவே முதல் முன்பணத்தைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். இதை அறியாதவர்கள் அவசரத்தில் வட்டிக்காரரிடம் போய் நிற்கிறார்கள். வீடு வாங்குவதற்காக ஆலோங்கிடம் கடன் வாங்குவது, கூரை வேய்வதற்காகச் சுவரை இடிப்பது போன்றது.

இதற்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. வீடு வாங்கத் தீர்மானித்த நாள் முதல், அந்த மாதத் தவணையை இப்போதே கட்டுவதாக எண்ணி, ஓராண்டுக்குத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். மாதம் 800 வெள்ளி என்றால் ஆண்டு முடிவில் 9,600 வெள்ளி இருக்கும். சில்லறைச் செலவுகள் அதில் அடங்கிவிடும். இடையில் நான்கு மாதம் போட முடியவில்லை என்றால், அந்த விலைக்குரிய வீடு நமக்கு எட்டாது என்று கடனாளியாகாமலே தெரிந்து கொள்வோம். அதே ஓராண்டில் மோட்டார் சைக்கிள் தவணையையும் நாள் தவறாமல் கட்டுங்கள். கடன் கேட்கும்போது, பேங்க் நெகாராவின் பதிவில் கடந்த 12 மாதத் தவணைகளை நாம் எப்படிக் கட்டினோம் என்பதை வங்கிகள் பார்க்கின்றன. சம்பளச் சீட்டு இல்லாத சிறு வியாபாரிகளும் மனம் தளர வேண்டாம். நிலையான வருமானச் சான்று இல்லாதவர்களுக்கு வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டம் ஒன்றை அரசு நடத்துகிறது. எஸ்.ஜே.கே.பி. என்று சொல்லி வங்கியில் கேளுங்கள்.

நேயர்களே, இனி இடத்தைப் பற்றிப் பேசுவோம். நல்ல இடம் என்றால் என்ன? வாசலில் வளைவும், காவற்காரரும், அழகான பெயரும் இருந்தால் நல்ல இடமா? வேலைக்குப் போக வழி, பிள்ளைகளுக்குப் பள்ளி, நோய்க்கு மருந்தகம், இரவில் நிம்மதி, மழையில் உலர்ந்த தரை, இந்த ஐந்தும் இருந்தால் அது நல்ல இடம்.

தொலைவில் வீடு மலிவு. பட்டணத்தை விட்டுத் தள்ளிப் போனால் அதே வீடு 60,000 வெள்ளி குறைவாகக் கிடைக்கலாம். மேலே சொன்ன 25 ஆண்டுக் கணக்குப்படி மாதத் தவணையில் அது 317 வெள்ளி மிச்சம். ஆனால் வேலைக்குப் போய்வர ஒரு நாளைக்கு 12 வெள்ளி கூடுதலாகச் செலவானால், 26 நாளில் 312 வெள்ளி. மிச்சம் ஐந்து வெள்ளி! அதற்காக அன்றாடம் இரண்டு மணி நேரத்தைச் சாலையில் தொலைக்கிறோம். தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் அதன் மறுபக்கத்தையும் காண்கிறோம். விடியற்காலை ஐந்து மணிக்கே வேனில் ஏறி வருகிற பிள்ளைகள், முதல் பாடத்திலேயே மேசைமேல் தலை சாய்த்துவிடுகிறார்கள். அவர்கள் மந்தமான பிள்ளைகள் அல்லர். தூக்கம் போதாத பிள்ளைகள். வீட்டைத் தேடும்போதே அருகில் தமிழ்ப்பள்ளி இருக்கிறதா, அதில் இடம் கிடைக்குமா என்று தலைமையாசிரியரைக் கேட்டுவிடுங்கள். வீட்டு விலையில் எழுதப்படாத ஒரு பகுதி அது.

ஓர் இடத்தை மூன்று முறை பார்க்க வேண்டும். காலையில் ஒரு முறை: பேருந்து வருகிறதா, சாலை நெரிசல் எப்படி என்று தெரியும். இரவில் ஒரு முறை: தெருவிளக்கு எரிகிறதா, மாடிப்படியில் யார் கூடி நிற்கிறார்கள் என்று தெரியும். கனத்த மழைக்குப் பின் ஒரு முறை: கால்வாயில் நீர் ஓடுகிறதா, தேங்குகிறதா என்று தெரியும். 2021ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கியதை நாடே கண்டது. புதுச் சாயம் பூசிய சுவரில் வெள்ளத்தின் கறை தெரியாது. ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நினைவிருக்கும்; மளிகைக் கடைக்காரருக்கு நினைவிருக்கும். அவர்களிடம் கேளுங்கள்.

அடுக்குமாடி வீடானால் மின்தூக்கியைப் பாருங்கள். நான்கில் எத்தனை ஓடுகின்றன? குப்பை அறை எப்படி இருக்கிறது? பராமரிப்புக் கட்டணம் எத்தனை பேர் பாக்கி வைத்திருக்கிறார்கள்? பலர் கட்டாத இடத்தில் மின்தூக்கி பழுதானால் செப்பனிடப் பணம் இராது. பத்தாவது மாடிக்கு அரிசி மூட்டையைச் சுமக்கும்போது வீட்டின் மலிவு மறந்து போகும். சதுர அடிக்கு 20 காசு என்றாலும் 900 சதுர அடி வீட்டுக்கு மாதம் 180 வெள்ளி. அதையும் தவணையோடு கூட்டிக் கணக்கிட வேண்டும்.

இனி ஆவணங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் நில அலுவலகத்தில் அந்த நிலப்பட்டாவைத் தேடிப் பார்க்கச் செய்யுங்கள்; செலவு சொற்பம். அதில் நான்கு செய்திகளைப் பாருங்கள். விற்பவர்தான் உரிமையாளரா? நிரந்தர உரிமையா, குத்தகையா? குத்தகையானால் இன்னும் எத்தனை ஆண்டு எஞ்சியுள்ளது? கை மாற்றுவதற்கு மாநில அரசின் அனுமதி வேண்டுமா, யாராவது தடைக் குறிப்பு பதிந்திருக்கிறார்களா? குத்தகைக் காலம் மிகக் குறைந்திருந்தால் வங்கிகள் கடன் தரத் தயங்கும். மலாய் ஒதுக்கீட்டு நிலமானால் மற்றவர் பெயருக்கு மாற்ற முடியாது. புதிய வீடானால் வீடமைப்பு மேம்பாட்டாளருக்கு உரிமம் இருக்கிறதா என்று வீடமைப்பு அமைச்சில் விசாரியுங்கள். 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் ஒப்பந்தத்தின் வாசகம் சட்டம் வகுத்தபடியே இருக்க வேண்டும். தரை வீட்டை 24 மாதத்திலும், அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைப்பது அதன் பொதுவான வரையறை. சாவி வாங்கிய பின் 24 மாதத்துக்குள் காணப்படும் வெடிப்பு, கசிவு முதலிய குறைகளை மேம்பாட்டாளரே சரி செய்ய வேண்டும். எழுத்தில் முறையிட்டு நகலை வைத்துக் கொள்ளுங்கள். கேட்காவிட்டால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது.

வங்கிகள் ஏலம் விடும் வீடுகள் மலிவாகத் தோன்றும். ஆனால் ஏலத்தில் கேட்ட பிறகு கடன் கிடைக்காவிட்டால் பத்து விழுக்காட்டு வைப்புத்தொகை போய்விடும். உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றும் பொறுப்பும், பாக்கிகளும் நம் தலையில் விழலாம். முதல் வீடு வாங்குகிறவருக்கு ஏலம் ஏற்றதன்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாநில அரசுகளின் மலிவு விலை வீடுகளுக்கும், மத்திய அரசின் மக்கள் வீடமைப்புத் திட்டத்துக்கும் முறையாகப் பதிவு செய்து காத்திருக்கலாம். மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் மாதம் 124 வெள்ளி வாடகை என்பது வழக்கமான கட்டணமாக இருந்து வருகிறது. அப்படி ஒரு வீட்டில் சில ஆண்டுகள் இருந்து முன்பணம் சேர்ப்பதும் அறிவுள்ள வழியே. ஆனால் "ஐயாயிரம் கொடுங்கள், உங்கள் பெயரை மேலே ஏற்றுகிறேன்" என்று வருகிற எவரிடமும் ஒரு காசும் கொடுக்காதீர்கள். பதிவு எண்ணும் இரசீதும் தர மறுப்பவர் தரகர் அல்லர்.

நேயர்களே, வீடு வாங்க வசதி வரட்டும் என்று காத்திருப்பதைவிட, வாங்குவதற்கு உரிய ஒழுங்கை இன்றே தொடங்குவது நல்லது. இந்த மாதச் சம்பளத்தில் ஒரு தொகையை ஒதுக்குங்கள். சேமநிதிக் கணக்கைப் பாருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாமானுக்குப் போய், வீட்டுக்கார அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக் கொண்டு நடந்து பாருங்கள். அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப் போகிறவர்கள் அவர்கள்தாம். அவர்கள் சொல்லுக்கும் இடம் கொடுங்கள். சிறிய வீடாயினும், நம்மை யாரும் வெளியேறச் சொல்ல முடியாத வீடாக அது அமையட்டும்.