அச்சு வேற, கல்லு வேற: கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஸ்டன்ஸ்

காரைக்குடி பக்கத்துல ஆத்தங்குடியில டைல்ஸ் செய்யறதைப் பார்த்திருக்கீங்களா? கண்ணாடி மேல உலோக அச்சை வெச்சு, அதோட அறைகள்ல கலர் சிமென்ட்டை ஊத்துவாங்க. அச்சை எடுத்துட்டு, மேல மணலும் சிமென்ட்டும் போட்டு அமுக்கி, தண்ணில ஊற வெச்சுக் காய வைப்பாங்க.

அந்த அச்சுதான் கிளாஸ். எங்கெங்க கலர் வரணும்னு அது சொல்லும்; சிவப்பா பச்சையான்னு ஒவ்வொரு கல்லுக்கும் தனியா முடிவாகும். வெளிய வர்ற ஒவ்வொரு கல்லும் ஒரு ஆப்ஜெக்ட்.

அப்போ இன்ஸ்டன்ஸ்? அதே கல்லுதான். இது இன்ன அச்சுல வந்த கல்லுன்னு உறவைச் சொல்லும்போது இன்ஸ்டன்ஸ்ங்கறோம். இன்டர்வியூல ரெண்டையும் வேற வேற பொருளா சொல்லிடாதீங்க.

சிக்கல் இங்கதான். ஜாவாவுல கல்2 = கல்1 னு எழுதினா புதுக் கல் வராது. ஒரே கல்லுக்கு ரெண்டு பேர், அவ்வளவுதான். ஷாப்பிங் ஆப்ல இப்படி ரெண்டு கஸ்டமருக்கு ஒரே கார்ட் போயிட்டா, ஒருத்தர் போட்ட புடவை இன்னொருத்தர் பில்லுல ஏறும்.

ஆளுக்கொரு கார்ட் வேணும்னா, ஆளுக்கொரு தடவை நியூ போட்டு அச்சை மறுபடி எடுக்கணும். கோடு எழுதும்போது கேட்டுக்கோங்க: இது புதுக் கல்லா, பழைய கல்லுக்குப் புதுப் பேரா?