கொத்தவாலின் கையிலிருந்த கபாலம்



நினைவுச் சொற்பொழிவுக்குக் காலபைரவரைப் பொருளாக எடுத்துக்கொண்டேன் என்றதும் ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர் தயங்கினார். சாமி கதை பேச நாம் எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ அவர் எதிர்த்தரப்பின் பத்திரங்களை வரிவிடாமல் படித்துவிட்டு வழக்காடுகிற பழக்கம் உள்ளவர். அந்த முறையில்தான் இன்று பேசப் போகிறேன்.

காசிக்குப் போகிறவர்கள் விசுவநாதரைப் பார்த்தால் மட்டும் போதாது, காலபைரவரையும் பார்க்க வேண்டும் என்பார்கள். அவர் காசியின் கொத்தவால். சென்னைக்காரர்களுக்குக் கொத்தவால் சாவடி தெரியும். முகலாயர் ஆட்சியில் நகரக் காவலையும் சந்தையையும் கவனித்த அதிகாரியின் பதவிப் பெயர் அது. ஆதி அந்தம் இல்லாத சனாதனம் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள், தங்கள் காவல் தெய்வத்தை முகலாயர் காலத்துப் பதவிப் பெயரால் அழைப்பதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. காசியில் சாகிறவர்களை எமன் தொட முடியாது. அவர்களுடைய பாவக் கணக்கைப் பைரவர் ஒரு நொடியில் வாட்டித் தீர்த்துவிடுவார். அதற்குப் பைரவ யாதனை என்று பெயர். காவல், விசாரணை, தண்டனை மூன்றும் அவர் கையில்தான்.

இந்த வேலை அவருக்கு எப்படிக் கிடைத்தது? காசிக் கண்டம் சொல்கிறது. வடமொழியில் இருந்த அதை நம் அதிவீரராம பாண்டியர் தமிழில் பாடியிருக்கிறார். பிரம்மா அகந்தையோடு பேசினார். சிவனிடமிருந்து தோன்றிய பைரவர் அவருடைய ஐந்தாவது தலையைக் கிள்ளி எடுத்தார். அந்தக் கபாலம் கையில் ஒட்டிக்கொண்டது. பிரம்மஹத்தி ஒரு பெண் வடிவில் பின்தொடர, பிச்சையெடுத்தபடி அலைந்தார். காசிக்குள் நுழைந்ததும் பிரம்மஹத்தி பாதாளத்தில் விழுந்தது. கையிலிருந்த கபாலமும் கழன்றது. அது விழுந்த இடம் கபாலமோசனம். பிறகு காசியின் காவல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. புராணக் கணக்கில் பிரம்மஹத்தியை விடப் பெரிய குற்றம் இல்லை. அதைச் செய்தவரே நகரத்தின் காவல் தலைவர் ஆகிறார்.

இப்போது மனுஸ்மிருதியைத் திறப்போம். அம்பேத்கர் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் எரித்த நூல். எரித்ததைப் படிக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதன் 11ஆம் அத்தியாயத்தில், பிராமணனைக் கொன்றவன் காட்டில் குடிசை கட்டி, பிச்சையெடுத்து உண்டு, பிணத்தின் தலையை அடையாளமாக ஏந்தி 12 ஆண்டுகள் இருக்க வேண்டும் என்று வருகிறது. பைரவர் செய்தது ஏறத்தாழ இதுதான்.

ஒரு அத்தியாயம் பின்னால் போங்கள். 10ஆம் அத்தியாயத்தில் சண்டாளர் எப்படி வாழ வேண்டும் என்று இருக்கிறது. ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும். நாயும் கழுதையும்தான் சொத்து. பிணத்தின் துணியை உடுத்த வேண்டும், உடைந்த பாத்திரத்தில் உண்ண வேண்டும், இரும்பு நகை அணிய வேண்டும், ஓரிடத்தில் நிலைக்காமல் அலைய வேண்டும். உறவினர் இல்லாத பிணத்தைத் தூக்க வேண்டும். அரசன் ஆணையிட்டால் குற்றவாளியின் தலையை வெட்ட வேண்டும்.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாய், சுடுகாடு, பிணத்தின் மிச்சம், அலைச்சல், தலை வெட்டுகிற வேலை. பைரவருக்கு நாய் வாகனம். அதனால் காசியில் கறுப்பு நாய்க்குப் பக்தர்கள் சோறு வைக்கிறார்கள். அதே நாய் சண்டாளனிடம் இருந்தால் தீட்டின் சான்று. ஒருவர் கொன்றார், அவருக்கு 12 ஆண்டு கெடு. இன்னொருவர் பிறந்தார், அவ்வளவுதான். அவருக்குக் கெடுவே எழுதப்படவில்லை.

பைரவர் ஆதியில் நம்முடைய தெய்வம், அவரைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொல்லும் தோழர்கள் உண்டு. இருக்கலாம். அதை நிறுவுவதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. சாமி யாருடையது என்ற வழக்கில் வென்றாலும் சுடுகாட்டு வேலை யாருடையது என்ற வழக்கு அப்படியே கிடக்கும்.

அந்த வேலைக்காரரைக் காசிக் கதைகள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். காலபைரவாஷ்டகத்தை ஆதிசங்கரர் பெயரில் வைத்திருக்கிறார்கள். அதே சங்கரர் பெயரில் மனீஷா பஞ்சகமும் இருக்கிறது. அதற்குச் சொல்லும் கதை: காசித் தெருவில் நான்கு நாய்களோடு ஒரு சண்டாளர் எதிரே வருகிறார். விலகிப் போ என்கிறார்கள். எதை விலகச் சொல்கிறீர், உடலையா, ஆன்மாவையா என்று அவர் கேட்கிறார். அத்வைதத்தை அத்வைதிக்கே திருப்பிக் கேட்ட கேள்வி. சங்கரர் பணிந்து அவரைக் குரு என்கிறார். இதோடு கதையை நிறுத்தியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். நிறுத்தவில்லை. வந்தவர் சிவபெருமான், நாய்கள் நான்கு வேதங்கள் என்று முடித்துவிட்டார்கள். புத்திசாலித்தனமாக ஒரு கேள்வி கேட்ட மறுநொடியே தெருவில் சண்டாளரே இல்லை! சங்கரர் வணங்கியது யாரை? கடவுளை. அதில் என்ன புதுமை?

அரிச்சந்திரன் கதையிலும் இதுதான். மயான காண்டத்தை நம் தெருக்கூத்துகளில் விடிய விடியப் பார்த்திருக்கிறோம். நம் ஊர்ச் சுடுகாடுகளில் அரிச்சந்திரன் கல் இருக்கிறது, பாடை அங்கே நின்றுதான் போகும். அந்தக் கதையின் சுடுகாடு காசியில் இருக்கிறது, அரிச்சந்திரன் படித்துறையில் இன்றும் பிணம் எரிகிறது. அரசனை விலைக்கு வாங்கிய சண்டாளர் யார்? தர்மதேவதையே மாறுவேடத்தில் வந்ததாக மார்க்கண்டேய புராணம் சொல்கிறது. அரசன் சொர்க்கம் போனான். தர்மதேவதை வேடத்தைக் கலைத்துக்கொண்டது. வேடம் போடாத டோம்கள் இன்னும் அதே படித்துறையில் கட்டை அடுக்குகிறார்கள்.

மணிகர்ணிகையில் அணையாத நெருப்பு அவர்கள் காவலில் இருக்கிறது. செத்தவர் எந்தச் சாதியாக இருந்தாலும் கொள்ளி வைக்கும் நெருப்பை அவர்களிடம்தான் பணம் கொடுத்து வாங்க வேண்டும். மோட்சத்துக்கு அவர்கள் நெருப்பு வேண்டும், அவர்கள் கையால் தண்ணீர் வேண்டாம். அவர்களின் தலைவருக்கு டோம் ராஜா என்று பட்டம். 2019 தேர்தலில் வாரணாசி வேட்பாளரான பிரதமரின் மனுவை முன்மொழிந்தவர்களில் அப்போதைய டோம் ராஜா ஜகதீஷ் சௌத்ரியும் ஒருவர். அவர் இறந்தபின் 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். விருதை நான் குறை சொல்லவில்லை. ராஜா என்ற பட்டத்தால் சிதைப் புகை குறைந்ததா என்றுதான் கேட்கிறேன். நீரஜ் கேவானின் 'மசான்' படத்தை மாணவர்கள் கட்டாயம் பாருங்கள், 2015இல் வந்தது. அதில் பொறியியல் படிக்கும் டோம் இளைஞன் இந்தப் படித்துறையை விட்டு வெளியேறப் பார்க்கிறான். அவனுக்கு வேண்டியது பட்டம் இல்லை, வேறு வேலை.

கொத்தவாலிடம் ஒருமுறை திரும்பி வருகிறேன். கோயிலுக்கு அருகே கொத்வாலி காவல் நிலையம் இருக்கிறது. அங்கே பொறுப்பு அதிகாரியின் நாற்காலி பைரவருக்கு உரியது என்றும், அதிகாரி பக்கத்தில் வேறு நாற்காலி போட்டு உட்காருகிறார் என்றும் பத்திரிகைகள் வியந்து வியந்து எழுதியிருக்கின்றன. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் புகார் கொடுக்க ஒரு பெண் அங்கே போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடமை தவறும் அரசு ஊழியருக்கு அந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவு தண்டனை வைத்திருக்கிறது. நாற்காலியில் இருப்பவர் சாமி என்றால் யார்மேல் அந்தப் பிரிவு பாயும்?

கடைசியாக ரவிதாஸ். காசிக்காரர், செருப்புத் தைத்தவர். தன் சாதியார் பனாரஸைச் சுற்றிலும் செத்த மாடு இழுப்பவர்கள் என்று அவரே பாடிய பதம் குரு கிரந்த சாகிபில் இருக்கிறது. மறைக்கவில்லை, வேடமும் இல்லை. அவரையும் விட்டுவைக்கவில்லை. பிராமணர்கள் கேள்வி கேட்டபோது மார்பைக் கிழித்து உள்ளே இருந்த பொற்பூணூலைக் காட்டினார், முற்பிறவியில் பிராமணர் என்று கதை கட்டினார்கள். சங்கரர் கதையில் நாய்களை வேதமாக்கிய அதே கைவரிசை.

காசியின் ஓரத்தில், அவர் பிறந்த ஊராகக் கொண்டாடப்படும் சீர் கோவர்தன்பூரில், ஒவ்வோர் ஆண்டும் மாக மாதப் பௌர்ணமியை ஒட்டி அவர் பிறந்தநாள் கூட்டம் நடக்கிறது. பஞ்சாபிலிருந்து ரயில் ரயிலாக மக்கள் வருகிறார்கள். 2010 ஜனவரியில் அங்கேதான் ரவிதாசியா என்று தனிச் சமயத்தை அறிவித்து, அவர் பாடல்களைத் தொகுத்த அம்ரித்பாணியைத் தங்கள் நூலாக வைத்துக்கொண்டார்கள். தனிச் சமயம் தேவையா என்று நாம் விவாதிக்கலாம், கேள்வி நேரத்தில் கட்டாயம் கேளுங்கள். ஆனால் அந்த ரயிலில் வருகிறவர்கள் காசியில் தேடிப் போவது தோல் தைத்த ஒருவரின் ஊரை.