குட்டைக் காற்சட்டையும் குன்றாத் தமிழும்



சேலம், நாமக்கல் வட்டாரத்தில் உழவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு ஆண்டுக்கொரு காற்சட்டை தைப்பதே அரிதாயிருந்த காலம் உண்டு. பிள்ளை வளரும், துணி வளராது. முழங்காலை மூடியது தொடைக்கு ஏறும். பின்புறம் கிழிந்தாலோ, ‘தபால் பெட்டி’ என்று உடன்பயில்வோர் நகைப்பர். நகைத்தவன் உடுத்திருந்ததும் அண்ணன் உடுத்துக் கழித்ததே!

குட்டைக் காற்சட்டையை எள்ளாத நாடு இல்லை. செருமானியர் அதனை வெள்ளக் காற்சட்டை என்பர். வெள்ளத்தில் நனையாமல் உயர்த்தியது போலும்! அமெரிக்கரும் அவ்வாறே வெள்ளத்தைச் சுட்டுவர். ஆங்கிலேயர் அரைக்கம்பத்துக் கொடியொடு ஒப்பிடுவர். பிரெஞ்சுக்காரர் தரையில் தீப்பற்றியதாகக் கூறுவர். நால்வரும் நகைத்தது தத்தம் தாய்மொழியில் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழன் நாவிலோ டவுசர், டிராயர், நிக்கர்! மூன்றும் ஆங்கில இரவல். நிக்கரின் பிறப்பு இன்னும் வியப்பானது. அமெரிக்க எழுத்தாளர் வாசிங்டன் இர்விங் 1809-இல் நியூயார்க்கு வரலாறு எழுதியபோது புனைந்துகொண்ட பெயர் நிக்கர்பாக்கர். அந்நூலின் படங்களில் ஆலந்தர் அணிந்திருந்த முழங்கால் அளவு உடைக்கு அப்பெயர் ஏற்பட்டு, பின்னர் நிக்கர் எனச் சுருங்கிற்று. இல்லாத ஓர் ஆலந்தன் பெயரை இராசிபுரத்துச் சிறுவன் இடுப்பில் சுமப்பானேன்?

தமிழிற் சொல் இல்லையா? முழந்தாள் அளவாக மறவர் உடுத்தது வட்டுடை. சீவக சிந்தாமணி அச்சொல்லை ஆள்கின்றது. இன்றைய உடைக்குக் காற்சட்டை, அரைக்காற்சட்டை, முக்காற்சட்டை எனச் சொற்கள் வழங்குகின்றன. வேட்டிக்குள் உடுக்கும் கோடிட்ட உள்ளுடையைப் ‘பட்டாபட்டி’ என்று பெயரிட்டவர் புலவரல்லர், எளிய மக்களே. சொல் படைக்கும் ஆற்றல் அவர்களிடம் வற்றவில்லை.

சேலம் நகராட்சிக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை பணியாற்றியவர் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர். சொல்லின் வேரை நாடும் நெறியை அவர் ஊட்டிய மண்ணில் இரவற்சொல் வேரூன்றலாமா?

கணுக்காலுக்கு எட்டாததை ‘எட்டாக் காற்சட்டை’ எனலாம். எட்டாதது துணியே; பிள்ளையல்லன். குறை துணியினது என்று அச்சொல்லே உணர்த்தும். ஏழைப் பிள்ளையை எள்ளுவது தமிழ்ப்பண்பும் அன்று. அவனுக்கு அளவான துணியும் தூய தமிழ்ச்சொல்லும் ஒருங்கே கிடைக்கச் செய்வதே தமிழர் கடன்.

இரவற் காற்சட்டை வளரும் பிள்ளைக்குப் பற்றாது. இரவற்சொல் வளரும் இனத்திற்குப் பற்றாது!