எதில் 26 சதவீதம்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"மாதவிடாய் நிற்பதைப் பற்றி இன்ஜினீயருக்கு என்ன பேச்சு?" என்று சிலர் சிரிக்கலாம். நம்ம வீட்டு அம்மாவும் அக்காவும் கடந்துபோகிற விஷயம்தானே! அதோடு, நாம் படித்த கணக்கும் இதிலே இருக்கு.

அந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. திடீரென உடம்பு தகிக்கும், இரவில் வியர்த்துக் கொட்டும், தூக்கம் போகும், எலும்பின் பலம் குறையும். குறைந்த ஹார்மோனை மருந்தாகக் கொடுப்பதே ஹார்மோன் சிகிச்சை. தகிப்பைத் தணிப்பதில் அதற்கே முதலிடம்.

2002-இல் அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வில், 16,608 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் கூட்டு மாத்திரையைச் சோதித்த பகுதி பாதியில் நிறுத்தப்பட்டது. "மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம்" என்று செய்தி பரவியது. லட்சக்கணக்கானோர் பயந்து மாத்திரையை விட்டார்கள்.

எதில் 26 சதவீதம்? அதைத்தான் நாம் கேட்கணும். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 10,000 பேருக்கு ஆண்டுக்கு 30 பேருக்குப் புற்றுநோய் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 38. கூடுதல் 8 பேர். பக்கவாதமும் 8 கூடியது, மாரடைப்பு 7 கூடியது. இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்தது, பெருங்குடல் புற்றுநோய் 6 குறைந்தது. எட்டுப் பேர் என்பது அற்பமில்லை. ஆனால் '26' கிளப்பிய பயம் வேறே, இந்தக் கணக்கு வேறே.

இன்னொன்று, அந்தப் பெண்களின் சராசரி வயது 63. அந்த முடிவை ஐம்பது வயதுக்காரருக்கு அப்படியே பொருத்தலாமா? 60 வயதுக்குட்பட்டவர்களுக்கும், மாதவிடாய் நின்று பத்தாண்டு ஆகாதவர்களுக்கும், வேறு தடை இல்லையென்றால், தகிப்புக்கு இந்தச் சிகிச்சையில் அபாயத்தைவிடப் பலனே அதிகம் என்று வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2022-இல் சொன்னது.

அதுக்காக, கடையில் தானே வாங்கிச் சாப்பிடக் கூடாது. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டு வந்தவர்களுக்குப் பொதுவாக இது ஆகாது. கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் கருப்பைப் புற்றுநோய் அபாயம் உண்டு. அதனால்தான் இன்னொரு ஹார்மோனும் சேர்க்கிறார்கள்.

தம்பி தங்கைகளே, அம்மா தூங்காமல் புரளும்போது "வயசானா அப்படித்தான்" என்று நகர்ந்துவிடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். "இவங்க வயசுக்கு, இவங்க உடம்புக்கு, பத்தாயிரத்தில் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டு முடிவெடுக்க வேண்டியவர் அம்மாதான்.