காட்டேரிக்கு எந்த முகவரி?

(ரிஷிவந்தியத்தில் நடந்த இளம் எழுத்தாளர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வெளியில் டீ குடிக்கும்போது ஒரு கல்லூரித் தம்பி கேட்டார். ‘அண்ணே, எங்க காலனிக் காட்டேரியப் பத்தி எங்க ஆயா சொன்னதெல்லாம் எழுதி வச்சிருக்கேன். இந்தச் சாமியெல்லாம் எந்தப் பத்திரிகை போடும்?’ நோட்டீஸில் கவிதை பற்றிப் பேசுவேன் என்று போட்டிருக்கிறார்கள். கவிதை ஓடிப்போகாது. தம்பியின் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன்.

நம்ம சாமிகளைப் பற்றி எழுதி அனுப்பியது அச்சேறாமல் கிடப்பது புதுசு கிடையாது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சீகன்பால்கு, 1713இல் அங்கே அச்சடித்த சிறுநூலின் பெயர் ‘அக்கியானம்’. நாம் கும்பிடுவதற்கெல்லாம் அவர் வைத்த பெயர் அது. ஆனால் அதே ஆள், அதே வருஷம், தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தார். சிவன், விஷ்ணுவோடு நிறுத்தவில்லை. ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி என்று ஊர் எல்லை வரைக்கும் வந்தார். கையெழுத்துப் பிரதி கப்பலேறி ஹாலே நகரத்துக்குப் போனது. மிஷனரிகளை அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அங்கேயிருந்த பிராங்கேவின் நிலை. பிரதி பெட்டிக்குள் போய்விட்டது. 1867இல்தான், அதுவும் சென்னையில், அச்சானது. நூற்றைம்பத்து நாலு வருஷம். ஆறு மாசமாகப் பதில் இல்லையென்று ஆசிரியர்களைத் திட்டிக்கொண்டிருக்கும் கவிஞர்கள் கவனிக்கவும்.

அந்தப் புத்தகத்துக்கு ஆதாரம் ஓலைச்சுவடிகள், எழுதப்படிக்கத் தெரிந்த தமிழர்கள் அனுப்பிய கடிதங்கள். சேரியில் ஓலையும் இல்லை, கடிதம் எழுத விட்டவனும் இல்லை. ஆக, நம்ம சாமிகள் முதன்முதலில் காகிதத்துக்குப் போனபோதே அடுத்தவன் வாய்வழியாகத்தான் போயிருக்கின்றன.

நம்முடைய கையால் நம்முடைய சமயத்தை எழுத ஒரு பத்திரிகை வர 1907 ஆனது. அந்த வருஷம் ஜூன் 19, புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். நாலு பக்கம், விலை பெயரிலேயே இருந்தது. அடுத்த வருஷம் ‘தமிழன்’ என்று சுருங்கியது. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய நம்ம ஆட்கள் அதற்கு வாசகர்கள். ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்தவர்களும் வாசகர்கள். வாசகர்கள் கேள்வி எழுதி அனுப்புவார்கள், பண்டிதர் பதில் எழுதுவார். தீபாவளி என்ன, போகி என்ன, கார்த்திகை தீபம் என்ன என்று ஒவ்வொன்றாக எடுத்து, இதெல்லாம் பௌத்தப் பண்டிகை, பார்ப்பனர் வந்து புராணத்தை ஏற்றிவிட்டார்கள் என்று அவர் கட்டுடைத்தது அந்தப் பக்கங்களில்தான். அந்தச் சொல் தமிழில் புழங்குவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால். அம்மனை ஒரு பௌத்த பிக்குணி என்றார். 1914இல் அவர் இறந்தார். அந்த எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிட்ட பிறகுதான் நம்மில் பலர் கண்ணில் பட்டன.

பண்டிதரை நான் கும்பிடுவதில்லை, படிக்கிறேன். கள்ளும் கறியும் கேட்கிற காட்டேரி அவருடைய பௌத்தத்துக்குள் அடங்குவாளா? தம்பி ‘தமிழனு’க்கு அனுப்பியிருந்தால், சுத்தபத்தமாகத் திருத்தித்தான் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். இருந்தாலும் கேள்வியை நாமே கேட்டு நாமே பதில் சொல்கிற பக்கம் ஒன்றை உண்டாக்கினாரே, அது பெரிய விஷயம்.

இப்போது நிலைமை வேறு. நம்ம சாமிகளை இப்போது எல்லோருக்கும் பிடிக்கிறது. ‘நாட்டார் தெய்வச் சிறப்பிதழ்’ போடுகிறார்கள். சித்திரை மாசம் கூவாகத்துக்குக் கேமராக்கள் வருகிற கூட்டத்தைப் பார்த்தால் கூத்தாண்டவருக்கே மூச்சு முட்டும். நான் ஒருமுறை எங்கள் தெரு முனியப்பனைப் பற்றி ஒரு இதழுக்கு அனுப்பினேன். அழகாகப் போட்டிருந்தார்கள், கோட்டோவியத்தோடு. பறை என்று எழுதிய இடமெல்லாம் ‘மேளம்’ ஆகியிருந்தது. ஊர்த்தெரு வழியாகச் சாமியைத் தூக்கிவர விடாததைச் சொல்லும் ஒரு பத்தி மொத்தமாகக் காணோம். கேட்டதற்கு ‘இடப் பற்றாக்குறை’ என்றார்கள். ஓவியத்துக்கு இடம் இருந்தது.

இந்தப் பத்தியைத்தான் நான் முக்கியம் என்கிறேன். பெருந்தெய்வம் பார்ப்பனியம், சிறுதெய்வம் மக்கள் பண்பாடு என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். திரௌபதி அம்மன் என்ன, வேதத்து அம்மனா? விழுப்புரம் பக்கத்தில் மேல்பாதியில் 2023 ஏப்ரலில் நம்ம ஆட்களை உள்ளே விடாமல் அடித்தது திரௌபதி அம்மன் கோயிலில்தான். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். பெருமாள் மட்டும் லேசுப்பட்டவரா? நம்ம மாவட்டத்து எடுத்தவாய்நத்தத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் தலித்துகள் கால் வைத்தது 2023 ஜனவரி 2ஆம் தேதி, வைகுண்ட ஏகாதசிக்கு, போலீஸ் பாதுகாப்போடு. இந்தச் சாமி அந்தச் சாமி என்பதை விட, சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு பக்கம் சட்டம். 2003 ஆகஸ்டில் தமிழக அரசு 1950ஆம் வருஷத்துச் சட்டத்தைத் தூசி தட்டி, கோயில்களில் ஆடு கோழி வெட்டக்கூடாது என்றது. எதிர்ப்பு கிளம்பி 2004இல் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார்கள். முனியப்பனும் காட்டேரியும் ஆறு மாசம் பட்டினி. ஒரு கையெழுத்தில் நம்ம சாமியைச் சைவமாக்கிவிடலாம் என்று நினைத்தார்கள் பாருங்கள்! அந்த ஆறு மாசத்தைப் பற்றி நம்ம தெருக்காரர் எழுதிய ஒரு கதை இதுவரைக்கும் என் கண்ணில் படவில்லை.

நான் வங்கியில் எழுத்தர். கவுண்டரில் உட்கார்ந்தால் முனியன், காத்தவராயன், அங்காயி, பச்சையம்மாள் என்று குலசாமிகளே வரிசையில் நிற்கும். நாமினி பெயர் கேட்டால் பேரப்பிள்ளை ஹரிஷ், தர்ஷினி. அவர்களுடைய சாதிச் சான்றிதழில் எல்லாம் ‘இந்து’. 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை அப்படிக் கட்டி வைத்தது. இந்து அல்லாதவன் பட்டியல் சாதி இல்லை. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், பௌத்தரைச் சேர்க்க 1990 ஆனது. கிறித்தவரான நம்ம அண்ணன் தம்பிகள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். ‘எங்க சாமி காட்டேரி, வேற எதுவும் தெரியாது’ என்று ஒரு கிழவி சொன்னால் எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அதனால்தான் பத்திரிகைப் பக்கம் வேண்டும் என்கிறேன்.

சரி தம்பி, அனுப்புகிற விஷயத்துக்கு வருகிறேன். ஆயா சொன்னதை ஆயா பேச்சிலேயே எழுதுங்க. ‘அவ ஒரு பொம்பளயாத்தான்டா இருந்தா’ன்னு ஆயா சொன்னால், அதை ‘முற்காலத்தில் ஒரு பெண்மணி வாழ்ந்தார்’ என்று மாற்றாதீங்க. சொன்னது யார், எந்தத் தெரு, படையலில் என்ன வைத்தார்கள், வெட்டிய ஆட்டில் தலை யாருக்கு, தொடை யாருக்கு, பறை அடித்தவருக்கு என்ன கூலி, எல்லாம் வரணும். சாமி எந்த முனை வரைக்கும் வரும், எந்த முனையில் திரும்பும் என்பதும் கட்டாயம் வரணும். ஆயா பெயரைப் போடலாமா என்று ஆயாவிடமே கேளுங்க. ஊரில் வம்பு வரும் என்றால் பெயரை விட்டுவிடலாம், முனையை விடாதீங்க.

பெரிய இதழுக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. அனுப்புங்க, கூடவே ஒரு வரி எழுதுங்க: வெட்டுவதானால் என்னைக் கேட்டு வெட்டவும். நகல் ஒன்று கையில் இருக்கட்டும். செல்போனில் தட்டினாலும் சரி, நோட்டில் எழுதினாலும் சரி. ஒரே நேரத்தில் நாலு பத்திரிகைக்கு அனுப்பாதீங்க, அது நம்ம தோழர்களுக்கே செலவு. அவர்கள் திருப்பி அனுப்பினால் நம்ம இதழ் இருக்கிறது. நம்ம இதழும் எழுத்துப்பிழையை மட்டும் திருத்தட்டும், பறையை மேளமாக்க வேண்டாம்.

ஆடி பிறந்தால் இந்தப் பக்கம் முழுக்கக் கூழ் ஊற்றுவார்கள். அண்டா எந்தத் தெருவில் வைக்கிறார்கள், யார் எந்தப் பக்கம் நின்று வாங்குகிறார்கள் என்று பார்த்து எழுதுங்க. நாலு பக்கம் போதும். பக்கத்துக்கு ஒரு பக்கம் மட்டும் எழுதுங்க, கம்போஸ் செய்கிற தோழருக்குக் கண் சரியில்லை.