மூன்றாம் முறை தேறிய மாணவர்

(கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)



எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் நண்பர்கள் உதவியால் படித்தார். அவர் அமெரிக்கா செல்ல, மாமனார் திரட்டிய பணத்தோடு, காக்கிநாடாவிலிருந்த ஒரு தர்ம ஸ்தாபனத்தின் ஆதரவும் துணை நின்றது.

ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, 1929இல் தசையில் ஏடிபி என்ற பொருளைக் கண்டறிந்தார். உண்ட உணவின் சக்தியைச் செல்கள் இந்தச் சில்லறையாக மாற்றித்தான் செலவழிக்கின்றன. பிறகு லெடர்லே நிறுவனத்தில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. இன்று நம் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது அதுதான். 1948இல் காலமானார்.

பெற்றோர்களே, ஒருமுறை தவறிய பிள்ளையை உடனே கடை வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். துணைத் தேர்வுக்கோ டியூஷனுக்கோ பணம் தடையென்றால் அலுவலகத்தில் சொல்லுங்கள். பெயர் வெளியே வராது. வசதியுள்ளவர்கள் ஸதகாவில் ஒரு பங்கைக் கல்விக்கு ஒதுக்குங்கள். நாம் மறைந்த பின்னும் இன்ஷா அல்லாஹ் அது ஸதகத்துல் ஜாரியாவாக நன்மை சேர்க்கும்.