மாரடைப்பு என்று நினைத்த இரவு

(மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஏதாவது ஸயன்ஸ் விஷயமாகப் பேசுங்கள் ஸார்" என்று நம் காரியதரிசி கேட்டபோது, கிரகணத்தைப் பற்றிப் பேசலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு, என் வீட்டிலேயே சொல்ல எனக்கு ஆறு மாதம் பிடித்த விஷயம் ஒன்றைச் சொல்வது அதிக உபயோகம் என்று தோன்றியது.

இரண்டு வருஷங்களுக்கு முன், நவம்பர் மாதம். ராத்திரி இரண்டு மணிக்குத் திடுக்கென்று விழித்துக்கொண்டேன். நெஞ்சு தடதடவென்று அடிக்கிறது. அந்தக் குளிரிலும் வியர்வை. எவ்வளவு மூச்சு இழுத்தாலும் போதவில்லை. விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப் போய்விட்டது. 'சரி, நம் கணக்கு முடிந்தது' என்றே நினைத்தேன். பிள்ளை காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு ஓடினான். இ.ஸி.ஜி. எடுத்தார்கள். ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் விட்டு இரண்டு தடவை செய்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "ஒன்றுமில்லை அங்கிள், டென்ஷன்" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒன்றுமில்லை என்றால் வந்தது என்ன? அதை யாரும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து ராஜீவ் சௌக் மெட்ரோ நிலையத்தில், கூட்டத்தின் நடுவே, அதே மாதிரி மறுபடியும் வந்தது. அதற்கப்புறம் மெட்ரோவை விட்டேன். கோவிலுக்குப் போவதை விட்டேன். கச்சேரியை விட்டேன். கேட்டவர்களிடமெல்லாம் முழங்கால் வலி என்று சொன்னேன். என் சம்சாரமும் நம்பி, தினம் தைலம் தேய்த்துவிட்டாள். அதுதான் எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது.

கடைசியில் ஒரு மனநல டாக்டரிடம் போனேன். இதற்குப் பேனிக் அட்டாக் என்று பெயர். 1871லேயே அமெரிக்க டாக்டர் டகோஸ்டா, உள்நாட்டுப் போர் சிப்பாய்களிடம் இதைப் போன்ற படபடப்பைக் கண்டு, இருதயக் கோளாறாக எழுதி வைத்தார். தனி வியாதியாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது 1980ல்தான்.

நான் கெமிஸ்ட்ரி படித்தவன். டாக்டர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆபத்து என்று மூளை மணி அடித்தால் அட்ரினலின் சுரக்கிறது, இருதயமும் மூச்சும் வேகமெடுக்கின்றன. புலி துரத்தினால் ஓடுவதற்கு அது வேண்டும். படுக்கையில் கிடக்கிறவனுக்கு எதற்கு? ஓடாமலே வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடு வெளியே போய்விடுகிறது. சாதாரணமாக அதன் அழுத்தம் 40 மில்லிமீட்டர். அது இறங்கினால் ரத்தத்தின் காரத்தன்மை ஏறும். ரத்தத்தில் தனியாக இருக்கும் கால்சியத்தில் ஒரு பங்கு புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் விரலும் உதடும் மரத்துப்போவது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தலை சுற்றல். ஆக்ஸிஜனுக்குக் குறைவே இல்லை. ஆனால் நமக்கோ மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது, இன்னும் வேகமாக இழுக்கிறோம். உடம்பின் இந்தச் சமிக்ஞைகளைச் சாவு என்று தப்பாகப் படிப்பதுதான் பீதியை வளர்க்கிறது என்று டேவிட் கிளார்க் 1986ல் எழுதினார்.

இன்னொரு ஆச்சரியம். மூளையில் பயத்துக்கு முக்கியமான அமிக்டலா என்ற பகுதி பழுதாகி, பயம் என்பதே தெரியாமல் இருந்த மூன்று பேருக்கு 35 சதவீத கார்பன் டை ஆக்ஸைடு கலந்த காற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று பேரும் பீதியில் துடித்தார்கள். இது 2013ல் வெளியான ஆராய்ச்சி. ஆக, இது கோழைத்தனம் இல்லை.

காரணங்கள் பல. பரம்பரை உண்டு, மனக்கவலை உண்டு. தைராய்டு அதிகமானாலும், சர்க்கரை திடீரென்று இறங்கினாலும் இதே மாதிரி வரும். ஸால்ப்யூட்டமால் இன்ஹேலர் அதிகமானாலும் படபடக்கும். நாலாவது டம்ளர் டிகிரி காபியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். (மாமிகள் சிரிக்க வேண்டாம்.)

என் விஷயத்தில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "சமீபத்தில் எந்த மாத்திரையை நிறுத்தினீர்கள்?" தூக்கத்துக்காக எட்டு வருஷமாக அரை மாத்திரை அல்பிரசோலம் போட்டுக்கொண்டிருந்தேன். ஞாபகசக்தி போய்விடும் என்று எங்கோ படித்துவிட்டு, யாரையும் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்தினேன். அந்த இரவு வந்தது அடுத்த வாரம்! ஆஸ்பத்திரியில் என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்படித் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு வலிப்பே வரலாமாம். இந்தச் சபையிலேயே எத்தனை பேர் தலையணைக்கடியில் அந்த அட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். எனக்கு அதைத் திரும்பக் கொடுத்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

நம் வயதில் முதல் தடவை இப்படி வந்தால், இது பேனிக்தான் என்று நாமே தீர்மானிக்கக் கூடாது. முதலில் இ.ஸி.ஜி. அன்று என் பிள்ளை செய்தது சரி. காகிதப் பைக்குள் மூச்சு விடுகிற பழைய வைத்தியமும் வேண்டாம். வந்தது மாரடைப்பாக இருந்துவிட்டால் ஆபத்து.

பகவான் ரமணருக்கு 1896ல், மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடியில், 16 வயதில் திடீரென்று மரண பயம் வந்தது. உடம்பில் ஒரு வியாதியும் இல்லை. அதற்கு வியாதிப் பெயர் வைக்கிற தைரியம் எனக்கு இல்லை. ஆனால் அவர் டாக்டரிடமும் பெரியவர்களிடமும் ஓடவில்லை. பிணம் மாதிரி நீட்டிப் படுத்து, சாவது எது என்று அந்தப் பயத்தையே பார்த்தார். எனக்கு டாக்டர் கொடுத்த பயிற்சியும், மிகச் சின்ன அளவில், பயத்தை விட்டு ஓடாமல் நிற்பதுதான். முதல் வாரம் மயூர் விஹாரிலிருந்து அக்ஷர்தாம் வரை ஒரே ஒரு ஸ்டேஷன். பிறகு மண்டி ஹவுஸ். மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு, படபடப்பு தானாக இறங்கும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அது இறங்கத்தான் செய்கிறது.

டாக்டரிடம் போகக் கூச்சப்படுகிறவர்களுக்கு அரசாங்கத்தின் டெலி மானஸ் இருக்கிறது. 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். நேரில் பார்க்க தில்ஷாத் கார்டனில் இஹ்பாஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது.

போன மாதம் லோதி ரோடு ரமண கேந்திரத்துக்கு மெட்ரோவிலேயே போனேன். ராஜீவ் சௌக்கில் வண்டி மாறும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. தூணோரமாக நின்றேன். இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன். சம்சாரம் கூட வந்திருந்தாள். "முழங்கால் வலியா?" என்றாள்.